எதிர்க்கரைத் தீவு

ஜுருவில் வளர்ந்த எனக்கு ஜெரெஜாக் தீவு புதிதன்று. கோலா ஜுரு மீனவர் துறையில் நின்று மேற்கே பார்த்தால், பினாங்குத் தீவுக்கு முன்னால் பச்சைக் குன்றாக அது தெரியும். அதற்கு வடக்கே 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலம். தெற்கே 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம். நாள்தோறும் எத்தனையோ வண்டிகள் அத்தீவைக் கடந்து செல்கின்றன. தாத்தா மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். மீன் வாங்கத் துறைக்கு வந்தாலும் கடலுக்கு முதுகைக் காட்டியே நிற்பார்.

காரணத்தை அம்மாதான் ஒரு நாள் சொன்னார். 1937இல் தாத்தாவின் பெற்றோர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அக்காலத்தில் கப்பலின் தளத்தில் படுத்துப் பயணம் செய்த ஏழைகளை நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். அம்மை, வாந்திபேதி போன்ற நோய்கள் தோட்டங்களுக்குப் பரவிவிடும் என்று அஞ்சி, ஜெரெஜாக்கில் இருந்த நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் தங்க வைப்பார்கள். அங்கே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தீவிலிருந்து கரைக்கு இருவர்தான் வந்தார்கள். தாத்தா பிறந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

என் மாமா ஓர் உல்லாசப் பாய்மரப் படகைப் பராமரிக்கும் வேலை செய்கிறார். அதன் உரிமையாளர் வெளிநாட்டுக்காரர். ஊருக்குப் போகும்போது, படகைச் சும்மா நிறுத்தி வைக்காமல் அவ்வப்போது ஓட்டும்படி மாமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பள்ளி விடுமுறையில் என்னை அழைத்துப் போவதாக மாமா சொல்லிக்கொண்டிருந்தபோது, சாய்வு நாற்காலியில் இருந்த தாத்தா, "அது அந்தத் தீவுக்குப் போகுமா?" என்று கேட்டார். வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பாய்மரப் படகின் அடியில் கனமான துடுப்பு போன்ற பகுதி ஒன்று நீண்டிருக்கும். காற்றில் படகு கவிழாமல் காப்பது அதுதான். ஆழமில்லாத இடத்தில் அது சேற்றில் சிக்கிக்கொள்ளும். ஜுருக் கரையோ முழுக்க முழுக்கச் சேற்றுக் கரை; கெராங் சிப்பி விளையும் கரை. (1970களில் தொழிற்சாலைக் கழிவு ஜுரு ஆற்றைக் கெடுத்தபோது இங்குள்ள மீனவர்கள் பட்ட பாடும், கெராங் வளர்த்து அவர்கள் மீண்ட கதையும் தனியே எழுத வேண்டியவை.) ஆகவே, மாமா படகை ஆழமான இடத்தில் நங்கூரமிட்டிருந்தார். கடல் ஏறியிருந்த விடியற்காலையில், ஒரு சம்பானில் தாத்தாவைக் கைத்தாங்கலாக ஏற்றி அங்கே போய்ச் சேர்ந்தோம்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாமா பாயை விரித்தார். காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று எங்களை மெல்லத் தள்ளியது. இரைச்சலே இல்லை. படகின் பக்கத்தில் தண்ணீர் உரசும் ஓசை மட்டும் கேட்டது. தாத்தா மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அந்த அமைதியைக் கலைக்கவோ என்னவோ, மாமா எம்டன் கதையைத் தொடங்கினார். 1914 செப்டம்பரில் சென்னையின் மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பல் அது. கெட்டிக்காரர்களை 'சரியான எம்டன்' என்று நம்மவர்கள் சொல்வது அதனால்தான். அடுத்த மாதம் 28ஆம் நாள் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து 'ஜெம்சுக்' என்னும் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. இறந்த மாலுமிகளில் சிலரை இந்த ஜெரெஜாக்கில்தான் புதைத்தார்கள்.

"கல் வைத்திருக்கிறார்களா?" என்று தாத்தா கேட்டார்.

"வைத்திருக்கிறார்கள் அப்பா."

"நம் ஆள்களுக்கு?"

மாமா பாய்க்கயிற்றைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார்.

தீவு நெருங்க நெருங்கக் காடு தனித்தனி மரங்களாகப் பிரிந்தது. தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த இடமும் இதுதான். 1969 முதல் 1993 வரை இங்கே சிறைச்சாலையும் இருந்தது. வேண்டாதவர்களையெல்லாம் கொண்டுபோய் வைக்க ஒரு தீவு வசதியாகக் கிடைத்திருக்கிறது! கரையில் இறங்கலாமா என்று மாமா கேட்டார். தாத்தா வேண்டா என்று தலையசைத்தார். குழந்தையை எங்கே புதைத்தார்கள் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. இறங்கி எங்கே தேடுவது?

தாத்தா பையைத் திறந்தார். ஒரு துண்டு வாழை இலையும் சிறு டப்பாவில் பால்சோறும் இருந்தன. தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர்க்குப் படைக்கும்போது, அவருடைய தாயார் ஒரு சிறிய இலையைக் கூடுதலாகப் போடுவாராம். யாருக்கு என்று கேட்டால், "மூத்தவளுக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம். பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது கேட்டறியவும் ஆளில்லை.

நான் தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து இலையை நீரில் விட்டார். எண்பது வயதைத் தாண்டியவர், இரண்டு வயதைத் தாண்டாத அந்தக் குழந்தையை, "அக்கா" என்று கூப்பிட்டார். பிறகு, "நான் உன் தம்பி. ஜுருவிலிருந்து வந்திருக்கிறேன்" என்றார். இலை அலையில் சாய்ந்து, நிமிர்ந்து, படகிலிருந்து விலகிப் போயிற்று. மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

திரும்பும்போது காற்று நின்றுவிட்டது. கடல் வற்றுவதற்குள் போக வேண்டும் என்று மாமா இயந்திரத்தை முடுக்கினார். துறையில் சம்பானிலிருந்து இறங்கியதும் தாத்தா ஒரு கிலோ கெராங் கேட்டார். மீன்காரரிடம் அவர் விலை பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவ்வளவு நேரமும் அவர் கடலைப் பார்த்தபடியே நின்றார்.