ஒரு வாரம் லேட்!

ஆபீஸுக்கே லேட்டாகப் போய்ப் பழகியவன், வசந்தத்துக்கு மட்டும் டயத்துக்குப் போய்விடுவேனா?

ஒசாகாவில் ட்ரெய்னிங். ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்தேன். அரை மணியில் கியோட்டோ. செர்ரிப் பூ பார்க்கணும்! போய் இறங்கினால், மரமெல்லாம் பச்சைப்பசேல். "போன வாரமே கொட்டிடுச்சே" என்று தகவல் மையத்துப் பெண் இடுப்பு வளைத்து மன்னிப்பு வேறு கேட்டாள், என்னவோ அவள்தான் உலுக்கிவிட்ட மாதிரி.

இந்தப் பூவுக்கு ஆயுசு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். எந்த ஊரில் எப்போது பூக்கும் என்று டி.வி.யில் மழை நிலவரம் போலச் சொல்கிறார்கள்.

"உதிராத செர்ரி ஒண்ணு இருக்கு" என்று மேப்பில் சிஷாகுஇன் கோயிலைச் சுழித்துக் கொடுத்தாள். நடந்தேன்.

தங்க ரேக்கு ஒட்டிய பின்னணியில் முரட்டு செர்ரி மரம். சிப்பித் தூள் குழைத்து வைத்த வெள்ளைப் பூக்கள், பறிக்கலாம் போலப் புடைத்து நிற்கின்றன.

கதையைக் கேளுங்கள். ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் ஆண் குழந்தை 1591-ல் இறந்தது. மூன்று வயசுகூட நிரம்பவில்லை. அதன் நினைவாகக் கட்டிய கோயிலுக்குப் படம் வரையும் வேலை ஹசெகாவா தோஹாகுவுக்கு. செர்ரியை வரைந்தது அவர் மகன் கியூஸோ. வயசு இருபத்தஞ்சு சொச்சம். நம் மேன்ஷன் ரூம்மேட் வயசு! 1593-ல் அவனும் போய்விட்டான். அடுத்தவர் பிள்ளைக்காகத் தூரிகை பிடித்தவருக்குத் தன் பிள்ளையே இல்லை.

அதற்கப்புறம்தான் அப்பா பக்கத்துப் படத்தை வரைந்தார் என்கிறார்கள். இலையுதிர் காலத்து மேப்பிள். மொட்டை மரம் இல்லை, சார்! இலைகள் பச்சையும் சிவப்புமாக, அடியில் செடிகளெல்லாம் பூத்துக் குலுங்க... உதிர்வதற்கு முந்தின நிமிஷத்து அழகு அத்தனையும்.

1682-ல் கோயில் தீப்பிடித்தும் இரண்டு படங்களும் தப்பித்துவிட்டன. இன்றும் மகனின் வசந்தமும் அப்பாவின் இலையுதிர் காலமும் ஒரே கூரையின் கீழ். பருவங்களுக்கு வரிசை உண்டு. ஒன்று போய்த்தான் இன்னொன்று வரும். மனுஷனுக்கு அந்த வரிசை கிடையாது. தோஹாகு 1610 வரை இருந்தார்.

வெளியே வந்தேன். அப்பாவுக்கு நானாகப் போன் பண்ணியது கடைசியாகப் பொங்கலுக்கு. நம்பரைத் தட்டினேன்.

"என்னடா, பணம் ஏதாவது வேணுமா?"

"இல்லப்பா... சும்மாதான்."

"சும்மாவா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

"சாப்பிட்டியா?"