தொடாமல் அளத்தல்

பீளமேட்டிலும் கணபதியிலும் எத்திசை திரும்பினும் பவுண்டரிகளும் பம்புசெட் பட்டறைகளும் கண்ணில்படும் இக்கோயம்புத்தூரில், இரும்பையும் துணியையும் இழுத்துப் பார்த்து அவற்றின் பலத்தை நிர்ணயிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களில் நானும் ஒருவன். ஒரு பொருள் எவ்வளவு பாரத்தில் அறும் என்று காண்பது சுலபம். அறுவதற்குமுன் எவ்வளவு நீண்டது என்று காண்பதே சிரமம். எஃகுத் தண்டு ஒன்றில் 50 மி.மீ. நீளத்தைக் குறித்து, சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் வீதம் இழுத்தால், அது நீள்வது ஏறக்குறைய 0.05 மி.மீ. மாத்திரமே.

இதை அளக்க, கத்திமுனைகள் பொருந்திய எக்ஸ்டென்சோமீட்டரைத் தண்டின்மேல் கவ்வவிடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் நம்மூர்ப் பவுண்டரிகள் வார்க்கும் சாம்பல்நிற வார்ப்பிரும்போ, பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட நீளாமல் படீரென்று முறிந்து, அந்த அதிர்ச்சியில் கருவியையும் சேதப்படுத்திவிடும். சோமனூர் விசைத்தறித் துணியில் சங்கடம் வேறுவிதம்: கருவியின் பாரமே துணியைத் தொய்யச் செய்துவிடும்.

"ஏனுங்க, தொடாம எப்படிங்க அளப்பீங்க?" என்று பவுண்டரிக்காரர் ஒருவர் கேட்டார்.

"புள்ளி தெளிச்சுப் படம் எடுக்கறதுதானுங்க, மத்ததெல்லாம் கணக்குங்க" என்றேன்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் உருப்பெற்ற இம்முறைக்கு டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷன் என்று பெயர். பளபளப்பற்ற வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புத் துளிகளைத் தெளித்து, இழுக்க இழுக்கப் படமெடுத்து, ஒவ்வொரு சிறு துண்டும் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தது என்று கணினியைத் தேடச் செய்கிறோம். தேர்ந்த கையில் ஒரு பிக்ஸலின் நூற்றில் ஒரு பங்கு நகர்வும் தென்படும். துளிகள் வாசற்கோலத்துப் புள்ளிகளைப்போல் ஒழுங்காக அமைந்துவிட்டால், ஒன்றுக்கும் அதன் அண்டைப் புள்ளிக்கும் பேதம் தெரியாமல் கணினி மயங்கும். ஆகவே ஒழுங்கின்மையே இங்கே லட்சணம். ஒரு துளி படத்தில் மூன்று முதல் ஐந்து பிக்ஸல் அகலம் இருப்பது உத்தமம். துணியில் பூச்சு கூடாது. அது நூலை விறைக்கவைத்துத் துணியின் குணத்தையே மாற்றிவிடும் என்பதால், மெல்லிய மையால் புள்ளியிடுகிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் ஈரம் பஞ்சுநூலின் பலத்தை மாற்றுமாதலால், 27 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்துப் பதப்படுத்திய பிறகே துணியை இழுப்போம்.

இவ்வித்தையில் நான் மிகவும் அஞ்சுவது பொய்த் திரிபையே, அதாவது நீளாத பொருள் நீண்டதாகத் தோன்றுவதையே. ஒற்றைக் கேமராவை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்திருக்கையில், இயந்திரத்தின் பிடி சீராக அமர்ந்து தண்டு கேமராவை நோக்கி ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், பிம்பம் பெரிதாகி, 0.1 சதவீதம் நீண்டதாகக் கணினி அறிவிக்கும். மேலே சொன்ன எஃகின் மெய்யான நீட்சியும் அதே 0.1 சதவீதம்தான்! இரண்டு கேமராக்களை வைத்தோ, தூரம் சற்று மாறினாலும் பிம்பத்தின் அளவை மாற்றாத டெலிசென்ட்ரிக் லென்ஸைப் பொருத்தியோ இதை விலக்கலாம். சூடேறும் விளக்கினால் காற்று அலைந்து பிம்பம் நடுங்குவதற்கு எல்இடி விளக்கே பரிகாரம்.

கல்லூரிகளில் இம்முறையைப் பயிலும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாரம் ஏற்றுமுன், அசையாத தண்டையே சில படங்கள் எடுத்துக் கணினியிடம் கொடுங்கள். அப்போதும் அது காட்டும் திரிபு எவ்வளவோ, அதை உங்கள் அறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள். அந்த எண்ணைக் கூறாத அறிக்கையை நான் ஏற்பதில்லை.