பங்காளியின் மாத்திரை

தறிச்சத்தம் நின்றால்தான் வெள்ளகோவிலில் எங்களுக்குத் தூக்கம் கலையும். அந்தச் சத்தத்திலேயே நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன். ஆயில் விடும் இடத்தில் கிரீஸை வைக்காத ஆள். என் உடம்பு விஷயத்தில் மட்டும் அந்தக் கவனம் இல்லாமல் போனது.

ஒருநாள் மாத்திரை தீர்ந்துவிட்டது. 'சர்க்கரை மாத்திரைதானே' என்று பங்காளியின் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு ராத்திரி ஷிப்ட்டுக்குப் போனேன். வேலை மும்முரத்தில் சோத்துப்போசியைத் திறக்கவே இல்லை. நடுச்சாமத்தில் கை நடுங்கியது, சட்டை நனைந்தது, அறுந்த இழையை முடிபோட விரல் வரவில்லை. பக்கத்துத் தறிப் பையன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் கண் தெளிந்தது.

மறுநாள் டாக்டர் திட்டிவிட்டுத்தான் விளக்கினார். என்னுடையது மெட்ஃபார்மின். கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதை அது குறைக்கும். தனியாகப் போட்டால் சர்க்கரை ரொம்பவும் இறங்குவது அபூர்வம். 1957லேயே பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பழைய மருந்து. பங்காளியுடையது கிளிமிபிரைடு. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்க்காது.

"ஏனுங்க, நீங்க வோக்ளிபோஸும் போடறவரா இருந்தா அந்தச் சர்க்கரைத்தண்ணி சீக்கிரம் கேட்டிருக்காதுங்க" என்றார். மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் உடைவதையே அது தாமதப்படுத்துமாம். அப்போது குளுக்கோஸ் பவுடர்தான் உதவும். இதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

டாக்டர் சொன்ன இன்னொரு மாத்திரை சிட்டாகிளிப்டின். அது வேறு ரகம். சாப்பிட்டதும் இன்சுலின் சுரக்கச் சொல்லிக் குடல் அனுப்பும் ஹார்மோன் சீக்கிரம் அழிந்துபோகாமல் காக்கும். 2022இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் விலையும் இறங்கியது.

என் சம்சாரத்துக்கு டாபாகிளிப்ளோசின். சிறுநீரகம் திரும்ப இழுத்துக்கொள்ளும் சர்க்கரையை ஒன்றுக்கிலேயே போகவிடும் மாத்திரை. அந்த இடத்தில் அரிப்பு வந்ததைக் கூச்சத்தில் ரொம்ப நாள் மறைத்துவிட்டாள். பட்டினி, வாந்தி பேதி சமயத்தில் அதைப் போடலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டுமாம். மாசியில் வீரக்குமாரசாமி தேருக்கு விரதம் இருப்பவள். இப்போது அதற்கு முன்பே டாக்டரிடம் போய்விடுகிறாள்.

பட்டறைச் சுவரில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் தொங்குகிறது. பங்காளி மட்டும் இன்னமும் அட்டையை எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே வைக்கிறான்.