தண்ணீருக்கு ஆகிற கல்

சூளைக்காரர் ஒரு கல்லை எடுத்து இன்னொன்றால் தட்டிப் பார்க்கிறார். கணீரென்றால் ஒரு பக்கம், சத்தம் மொத்தென்று அடங்கினால் மறுபக்கம். வவுனியாவுக்குத் தெற்கே குளக்கட்டை ஒட்டிய சூளை அது. வீடு கட்டுபவர்கள் கணீரென்ற கல்லைத்தான் கேட்டு வாங்குவார்கள். என்னைக் கூட்டிப்போன அக்காவுக்கு, கிணற்று நீர் வடிகட்டிக்காக, மற்றதுதான் வேண்டும்.

"நல்லா வெந்தது வேண்டாம் அண்ணை. அது தண்ணியில ஒண்டையும் பிடிக்காது."

அவர் சொல்வது சரி. 500, 600 பாகை செல்சியசில் சுட்ட களிமண் புளோரைட்டை நன்றாகப் பிடிக்கும். சூடு அதற்கு மேல் ஏற ஏறப் பிடிப்பு குறையும். 900 பாகையைத் தாண்டினால் அநேகமாக ஒன்றுமே மிஞ்சாது.

இங்கே நிலத்தடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. புவிச்சரிதவியலாளர்கள் அதை வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள். அதிலுள்ள மைக்கா, அப்பற்றைட்டு போன்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டு கிணற்று நீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரம் 1 மில்லிகிராம். வெயிலில் வயல் வேலை செய்து குடம் குடமாகக் குடிக்கும் ஊருக்குக் குறைந்த எல்லைதான் பொருத்தம். அளவு கூடினால், பிள்ளைகளுக்கு முளைக்கவிருக்கும் பல்லில் காவி ஏறும். இந்தப் பகுதியை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் புளோரைட்டின் மேலும் கடின நீரின் மேலும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு.

அக்காவின் ஊரில், ஒரு முற்றத்தில் பாய் விரித்து, மூன்று பெண்கள் சுத்தியலால் கல்லை 8 முதல் 16 மில்லிமீற்றர் துண்டுகளாக உடைக்கிறார்கள். தூளை அரித்துக் கழித்து, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவுகிறார்கள். பிறகு பெரிய பிவிசி குழாய்க்குள் நிரப்புகிறார்கள். ஆய்வாளர் ஜே. பி. பத்மசிறி 1990களில் எழுதி விளக்கிய அமைப்பு இது. பக்கக் குழாயில் ஊற்றும் தண்ணீர் அடிக்குப் போய், துண்டுகளுக்கிடையே மெல்ல மேலேறி வெளிவரும். அவசரப்படுத்தினால் புளோரைட்டும் கூடவே வந்துவிடும். அதனால் இரவு ஊற்றி விடியத்தான் எடுக்கிறார்கள்.

கனிமத்தைக் கொண்டு நீரிலிருந்து நஞ்சைப் பிடிக்கும் இதே வழியைத்தான் 2011இல் புகுஷிமா அணுமின் நிலையத்திலும் நாடினார்கள். கதிரியக்கச் சீசியத்தைப் பிடிக்க சியோலைட்டு மூட்டைகளை நிலவறைகளில் போட்டார்கள். அவை பிடித்தன. பிடித்ததாலேயே அந்த மூட்டைகள் கிட்டப் போக முடியாத அளவு கதிர்வீச்சோடு ஆண்டுக்கணக்காக அங்கேயே கிடந்தன. சீசியம் 137 ஏறத்தாழ 30 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். புளோரைட்டுக்கு அந்தத் தேய்வுகூட இல்லை. எனவே அக்காவிடம் நான் முதலில் கேட்டது, பழைய துண்டு எங்கே போகிறது என்பதைத்தான்.

"முந்தி கிணத்தடியிலதான் கொட்டினவை. மழைக்குத் திரும்ப உள்ள போகுமெண்டு நான் விடேல்ல. இப்ப சீமெந்தோட குழைச்சுப் பாதைக்குப் போடுறம்."

அதை அவர் தானாக யோசித்துச் செய்திருக்கிறார். ஊர்களில் இப்போது திறக்கப்படும் சவ்வு வடிகட்டி நிலையங்களும் உப்புச் செறிந்த கழிவு நீரை வெளியே தள்ளுகின்றன. அது எங்கே விடப்படும் என்று இவருடைய கிராமச் சங்கம் கேட்டிருக்கிறது. வாய்க்காலுக்கு என்று பதில் வந்திருக்கிறது. அந்த வாய்க்கால் குளத்துக்குத்தான் போகிறது. அடுத்த கூட்டத்தில் தங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கப் போகிறார்கள்.