நூறு ஆகும் வரை

சார்ஜை முழுதாக இறங்கவிட்டு, பிறகு நூறு வரும் வரை ஏற்ற வேண்டும், பாதியில் பிடுங்கினால் பேட்டரி கெட்டுவிடும். இதைச் சொல்லாத வீடு குறைவு. புது போன் வாங்கியவரிடம், முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜில் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிய கடைக்காரர்களையும் பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை. நிக்கல் காட்மியம் பேட்டரிகள் புழங்கிய காலத்தில் அந்த யோசனைக்கு அர்த்தம் இருந்தது. பாதி இறங்கியதுமே திரும்பத் திரும்ப ஏற்றினால், அந்த வகைப் பேட்டரி நாளடைவில் அந்தப் பாதியிலேயே நின்றுவிடும். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் அந்தக் கவலைக்கு இடமில்லாமல் போனது. இன்றைய போன், டேப்லெட் எல்லாவற்றிலும் இருப்பது அந்த வழியில் வந்த பேட்டரிதான். அதற்கு வேறு பலவீனங்கள் உண்டு. நாமோ பழைய பேட்டரிக்கான பத்தியத்தையே புதியதற்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு பக்கம் உலோக ஆக்சைடு, மறுபக்கம் கிராஃபைட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் அமர்கின்றன. பள்ளி நாட்களில் புத்தகத் தாள்களுக்கு இடையே மயிலிறகு வைத்தோமே, அப்படி. நாம் போனைப் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான் குடினஃப் கோபால்ட் ஆக்சைடு இதற்கு ஏற்றது என்று காட்டினார். எதிர்ப்பக்கத்துக்குக் கார்பனைக் கொண்டுவந்து பாதுகாப்பான பேட்டரியாக்கியவர் ஜப்பானின் அகிரா யோஷினோ. முதல் அடி எடுத்துவைத்த ஸ்டான்லி விட்டிங்ஹாமோடு சேர்த்து மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குடினஃப்புக்கு அப்போது வயது 97. நோபல் பெற்றவர்களில் அத்தனை வயதானவர் வேறு யாரும் இல்லை. கையில் போனை எடுக்கும்போது அந்தக் கிழவரை நன்றியோடு நினைத்துக்கொள்வது எனக்கு வழக்கம்.

பேட்டரி நூறில் இருக்கும்போது அதன் மின்னழுத்தம் உச்சத்தில், 4.2 வோல்ட்டிலோ அதற்குச் சற்று மேலோ, நிற்கிறது. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் திரவம் மின்முனைகளோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். அந்த வினையில் சிக்கிய லித்தியம் மறுபடி வேலைக்கு வராது. சூடு சேர்ந்தால் இந்தச் சேதம் வேகமெடுக்கிறது. பேட்டரித் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. 40 சதவீதம் சார்ஜோடு 25 டிகிரியில் ஓராண்டு சும்மா வைத்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். முழு சார்ஜோடு வைத்தால் 80. அதே முழு சார்ஜோடு 40 டிகிரியில் ஓராண்டு கிடந்தால் 65 மட்டுமே. யாரும் தொடாமலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

40 டிகிரி என்பது நமக்கு ஆய்வுக்கூடத்து எண் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருச்சியிலும் அது சாதாரண மத்தியானம். ஐபோன், ஐபேட் ஆகியவற்றை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதத்தில் ஓட்டு வீட்டுக்கோ தகரக் கூரைக்கோ அடியில் வெப்பம் அந்த வரம்பைக் காலையிலேயே தாண்டிவிடும். அதனால்தான், எத்தனை சதவீதத்தில் ஏற்றலாம் என்று கேட்பவர்களிடம், எங்கே வைத்து ஏற்றுகிறீர்கள் என்று நான் முதலில் கேட்கிறேன். தலையணைக்கு அடியிலும், வெயில் விழும் ஜன்னல் திண்டிலும், கனத்த உறைக்குள்ளும் சார்ஜ் ஏறும் போன்தான் சீக்கிரம் கிழடாகிறது.

என் அம்மாவின் டேப்லெட் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும். காலையில் உபன்யாசம், மத்தியானம் பழைய படம், ராத்திரி பேத்தியோடு வீடியோ பேச்சு. ஒயரைக் கழற்றினால் போதும், குரல் வரும்: "நூறு ஆகட்டும்பா. கரன்ட் போயிட்டா என்ன செய்யறது?"

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. அம்மா இருப்பது வேதாரண்யம் பக்கம். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள், கரன்ட் வந்த நேரமெல்லாம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சார்ஜில் செருகிப் பழகியவர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட போனில் உயிரில்லாமல் தவித்த ஒருவர் நூறைப் பார்த்தால்தான் நிம்மதி அடைவார் என்றால், அது மூடநம்பிக்கை ஆகாது. பட்ட அனுபவம் அப்படி.

அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சார்ஜ் 80-ஐத் தொட்டதும் நின்றுவிடும்படி செட்டிங்ஸில் வைத்தாயிற்று. பல புது போன்களிலும் டேப்லெட்களிலும் இந்த வசதி வந்துவிட்டது. புயல் எச்சரிக்கை வந்தாலோ வெளியூர் கிளம்பினாலோ வரம்பை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம். எப்போதாவது நூறைத் தொடுவதால் கெடுதல் வந்துவிடாது. அங்கேயே சூட்டோடு நாட்கணக்கில் நிற்பதுதான் கெடுதல். இதை விளக்கியதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "எச்சரிக்கை வந்தா நீ போன் பண்ணிச் சொல்லுவியா?" சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

எப்போதும் சார்ஜரில் கிடக்கும் டேப்லெட்டுக்கு நேர் எதிரான இன்னொன்றும் பல வீடுகளில் இருக்கிறது. 2020-இல் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கியாவது வாங்கிய டேப்லெட். பள்ளி திறந்ததும் அது பீரோவுக்குள் போயிற்று. அணைத்து வைத்தாலும் பேட்டரி சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். அதன்பின் எந்தச் சார்ஜரை மாட்டினாலும் உயிர் வருவது சந்தேகம். எடுத்து வைக்கிறவர்கள் பாதி சார்ஜோடு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துப் பாதிக்கு ஏற்றிவைத்தால் பிழைக்கும். பின்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் அழுத்தவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். நேரே பழுது பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்தப் பக்குவமெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் சரிப்படும். உணவு கொண்டுவரும் டெலிவரி பையன்களின் போனைப் பாருங்கள். வண்டியின் ஹேண்டில்பாரில், உச்சி வெயிலில், முழு வெளிச்சத்தில் வரைபடம் ஓடுகிறது. அதே நேரத்தில் பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏறுகிறது. ஒரு பேட்டரிக்கு ஆகாதவை அத்தனையும் ஒன்றாக நடக்கின்றன, வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. அவர்களிடம் 80 சதவீத உபதேசம் செய்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அவர்களுக்குத் தேவை, தேய்ந்த பேட்டரியைக் கையோடு மாற்றிக்கொள்ளும் வசதி. அது இருந்த காலமும் உண்டு. நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரியை நகத்தால் மூடியைத் திறந்து எந்தப் பெட்டிக்கடை வாசலிலும் மாற்றினோம். இப்போது பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். டேப்லெட் என்றால், பசை இளகச் சூடு காட்டி, திரை உடையாமல் பிரித்தெடுக்க வேண்டும். கூலியையும் பேட்டரி விலையையும் கூட்டிப் பார்த்தவர்கள் புதிதே வாங்கிவிடலாம் என்று திரும்பிவிடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து ஒரு விதியைக் கொண்டுவந்திருக்கிறது. அங்கே விற்கப்படும் போன், டேப்லெட்களின் பேட்டரி 800 முறை ஏறி இறங்கிய பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி செய்யச் சொல்லும் விதி, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. நோக்கியா ஆலை ஓடிய அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இன்று ஐபோன்கள் தயாராகின்றன. அங்கே வேலை செய்யும் பெண்கள் தங்கள் சம்பளத்தில் வாங்கும் போனுக்கும் ஐரோப்பியர் கைக்குப் போகும் போனுக்கு உள்ள அதே ஆயுள் உறுதி, சட்டமாகவே, வேண்டும்.