கானும் கால்வாயும்

கிருலப்பனைக் கால்வாயை நகரத்தார் ‘கான்’ என்பர். மழைவெள்ளத்தைக் கடலுக்கு அனுப்ப வெட்டிய வழி அது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலைத் தொடும் நீர்வழிகளோடு இணைந்து கிடப்பது. ஆயின் மாலை வேளையில் அதன் கரையில் தூண்டிலோடு குந்தியிருப்போருக்கு அது கான் அன்று. கூலிவேலை முடித்துவரும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அங்கே அருகருகே இருப்பர். ஒருவர் விரால் என்பதை மற்றவர் லூலா என்பார். இவருக்குச் சுங்கான், அவருக்கு ஹுங்கா. இராச் சமையலுக்குக் கறி அகப்பட்டதா என்பதே எல்லோர்க்கும் பொதுவான கேள்வி.

அவர்கள் பிடிக்கும் மீன்களைக் கூர்ந்து நோக்கினால் கால்வாயின் நோய் புலப்படும். விராலும் சுங்கானும் பனையேறியும் நீர்மட்டத்துக்கு எழுந்து வெளிக்காற்றையே உட்கொள்ளும் ஆற்றல் படைத்தவை. நீரிற் கரைந்த ஒட்சிசனை மட்டுமே நம்பிய சிறுமீன்களுக்கு அந்த வழி இல்லை. மலசலக் கழிவும் சமையற் கழிவும் வந்து கலந்ததும், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்த ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. சிறுமீன் முதலில் மடிகிறது. சிறுமீன் மடிந்தால் நுளம்புக் குடம்பிகளை உண்பது எது? யானைக்கால் நோயைப் பரப்பும் நுளம்போ இத்தகைய அழுக்கு நீரையே நாடி முட்டையிடுகிறது. அந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலையை இலங்கை ஒழித்துவிட்டதென 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான், நுளம்பு மட்டும் ஒழியவில்லை.

நான் தமிழ் கற்பிப்பவன். கயலும் கெண்டையும் வாளையும் துள்ளாத மருதப் பாட்டு அரிது. சென்ற ஆண்டு வகுப்பில், நன்னீர் மீனைக் கண்டவர் உண்டோ என வினவினேன். கரைக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, விராலைத் தன் தந்தை தூண்டிலிற் பிடிப்பாரென்றான். “கான் மீனையா தின்கிறாய்?” என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். வகுப்பே நகைத்தது, அவன் தலைகவிழ்ந்து அமர்ந்தான். மருதத்தை அறிந்தவன் அவ்வகுப்பில் அவன் ஒருவனே. அந்நீரில் வளர்ந்ததை உண்ணலாமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் நீரைக் கெடுத்தவரை விட்டுவிட்டு, உண்பவனை நாணவைப்பது என்ன நீதி?

2018இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ‘ஈரநில நகரம்’ என்ற தகுதியை முதன்முதலிற் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. நகரின் கால்வாய்க் கரைகள் பல செப்பனிடப்பட்டன, நடைபாதைகள் எழுந்தன, கரைக் குடிசைகளில் வாழ்ந்த பலர் மாடிவீடுகளுக்கு மாற்றப்பட்டனர். அழுக்குக்கெல்லாம் குடிசைவாசிகளே காரணம் என்பது வசதியான எண்ணம். உயர்ந்த மதில்களுக்குள்ளிருந்தும் குழாய்கள் வந்து கால்வாயிற் கலப்பதை நான் நாள்தோறும் காண்கிறேன். கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்து, அலுத்ததும் நீர்நிலைகளில் விடப்பட்ட அயல்நாட்டு மீன்களும் உள: கவசம் பூண்ட உறிஞ்சுவாய் மீன், கத்திபோல் தட்டையான கத்திமீன். நம் நாட்டு மீன்களோடு போட்டியிடும் இவையும் குடிசைகளில் வளர்ந்தவைதாமோ? (திலாப்பியாவும் 1950களின் தொடக்கத்தில் வந்த அயல்மீனே, ஏழையின் சட்டியில் நெடுங்காலம் இடம்பெற்றுவிட்ட அதனோடு வழக்காட எனக்கு மனமில்லை.)

கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடையில் நிலைமை வேறுவிதமாயிற்று. 1991இல் அறிவியலார் பெயரிட்ட ‘பந்துல பெத்தியா’ என்னும் விரலளவு மீனுக்கு, அவ்வூரின் வயல்களினூடும் இறப்பர் நிலங்களினூடும் ஓடும் ஒரு சிற்றோடையே அறியப்பட்ட இயற்கை வாழிடம். அது காடன்று, சரணாலயமுமன்று, உழவர் நிலம். வேலியிட்டு மீனைக் காக்க அங்கே இயலாது. கரை அரியாமலும் பூச்சிநாசினி நீரிற் கலவாமலும் பார்க்க வல்லவர் அவ்வயலை உழுபவரே. ஆகவே மீனைக் காக்க முனைந்தோர் அவ்வூராரையே துணைக்கழைத்தனர். ஓடை நஞ்சானால் முதலில் துன்புறுவோரும் அவர்களே அன்றோ?

கிருலப்பனையில் அந்த ஊரார் யார்? தூண்டிலோடு குந்தியிருப்போரே. எந்த மாதத்தில் எந்த மீன் அருகுகிறது, எந்தக் குழாய் திறந்ததும் நீர் கறுக்கிறது என்பவற்றை அவர்கள் கண்ணால் கண்டறிவர். கால்வாய் பற்றி அதிகாரிகள் கூடும் கூட்டங்களுக்கு அவர்களையும் அழைக்க வேண்டும். அவர்கள் சுட்டும் குழாய்களை, மதிலின் உயரம் பாராமல், அடைக்க வேண்டும்.