சாமியே ஆடின ஊரில் ஒரு சீட்டுக் கச்சேரி

எங்கள் வீட்டில் சிகரெட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள். சீட்டுக்கட்டு... மூச்! காரணம், என் தாத்தா. கல்யாண வீட்டுத் திண்ணைகளில் ரம்மிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து, ஆறு மா நிலத்தைக் கோட்டை விட்டுவிட்டு எழுந்தவர். (மூணு மா ஒரு ஏக்கர். ஆக, ரெண்டு ஏக்கர் நஞ்சை! பி.காம். படித்த பேரன் இன்றைய விலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து அவ்வப்போது பெருமூச்சு விடுவதுண்டு.)

இப்பேர்ப்பட்ட பரம்பரையில் வந்த என்னிடம், காலாண்டுப் பரீட்சை லீவுக்கு முன்னால் தஞ்சாவூர் அக்கா பையன் போனில் கேட்டான்: "மாமா, வரும்போது எனக்கு ஒரு கட்டு சீட்டு வாங்கிட்டு வர்றீங்களா?"

"டேய், தாத்தாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெண்ணாத்துல தள்ளிடுவார்டா!"

"ஐயோ, அந்தச் சீட்டு இல்ல மாமா. போக்கிமான் கார்டு!"

'பூ... இவ்வளவுதானே' என்று எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். வாங்க மறந்துபோனது, விடியற்காலையில் தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்கி காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. அதனாலென்ன? ஊரில் ஃபேன்ஸி ஸ்டோருக்கா பஞ்சம்? கடை திறக்கிற வரை காத்திருந்து (பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்) ஒரு டப்பா வாங்கினேன். அத்தனை அட்டையும் தங்க நிறம். தகதகவென்று தஞ்சாவூர் ஓவியம் மாதிரி!

பயல் ஒரே ஒரு பார்வைதான் பார்த்தான். "மாமா... இது டூப்பு."

"எப்படிடா சொல்றே?"

"எல்லாமே தங்கமா இருந்தா அப்புறம் எதுக்கு மாமா தங்கம்?"

பொருளாதார வகுப்பில் மூன்று வருஷம் எனக்குப் புரியாதது ஒரு வரியில் புரிந்தது. பையன் தன் அசல் அட்டை ஒன்றையும், என் கைங்கரியம் ஒன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். அசலில் இரண்டு தாளுக்கு நடுவே கறுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். வெளிச்சம் சுலபத்தில் ஊடுருவாது. பின்பக்க நீலமும் டூப்பில் வெளிறியிருக்கும், எழுத்தில் பிழை இருக்கும். நான் வாங்கியதோ தாளே இல்லை... பிளாஸ்டிக்!

"சரி, இதை வெச்சே ஆடேன்!"

"ஆட முடியாது மாமா. இதுல எல்லாரும் ஹீரோ. எனர்ஜி கார்டே இல்ல."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். அவன் அப்பா பிறந்தநாளுக்கு ஒரு கட்டு வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். வகுப்பில் பாதிப் பேரிடம் அட்டை இருக்கிறது. சேர்க்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள், ஆல்பத்தில் சொருகுகிறார்கள். ஆனால் ஆடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"கட்டு இருக்கு மாமா. எதிர்ல உக்கார ஆள்தான் இல்ல. இன்னொரு கட்டு இருந்தா யாரையாவது உக்கார வெச்சுடுவேன்..."

பதினோரு வயசுப் பையன் தலையைக் குனிந்துகொண்டு இப்படிச் சொன்னால் எந்த மாமாவுக்குத்தான் தாங்கும்? உடனே ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். ஆட்டத்துக்குத் தயாராக அறுபது அட்டை அடுக்கிய கட்டு ஒன்று. கூடவே ஆசைக்கு, என்ன வரும் என்று தெரியாத 'பூஸ்டர்' பாக்கெட் நாலு.

* * *

கூரியர் வந்த அன்றைக்கே பையனை பைக்கில் ஏற்றிக்கொண்டு எங்கள் கிராமத்துக்குக் கிளம்பினேன். தஞ்சாவூரிலிருந்து அம்மாப்பேட்டை வழியாகக் கிழக்கே போகிற ரோடு. ஒரு பக்கம் குறுவை அறுப்பு, மறு பக்கம் சம்பா நடவு. ரோட்டில் பாதி நமக்கு, பாதி காய்கிற நெல்லுக்கு. வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி வருவதாகத் தெரியவில்லை.

"மாமா, ஒரு பாக்கெட் பிரிக்கலாமா?"

பிரித்தோம். பத்து அட்டை. ஏழெட்டு சாதா, ஒன்றிரண்டு மினுமினுப்பு. பயல் உதட்டைப் பிதுக்கினான். "அடுத்ததைப் பிரி" என்றேன். அதிலும் பிரமாதமாக ஒன்றுமில்லை. "அடுத்தது!" இப்போது அவசரம் அவனுக்கில்லை, எனக்கு! 2022-ல் கின்னஸ் புத்தகம் ஒரே ஒரு பிகாச்சு அட்டைக்குப் பதிவு செய்த விலை 52,75,000 டாலர் என்று எங்கோ படித்தது வேறு மண்டைக்குள் குடைந்தது. நாலாவதும் காலி. நாற்பது அட்டை, நயாபைசா தேறவில்லை. கேட் திறந்தபோது என் விரல் தானாக செல்போனை எடுத்து இன்னும் பத்து பாக்கெட் ஆர்டர் போடப் போனது.

சட்டென்று தாத்தா ஞாபகம் வந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.

* * *

நீடாமங்கலத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது தண்ணீர். அங்கிருந்து மன்னார்குடி ரோட்டில் சற்றுத் தள்ளி பூவனூர். அப்பர் பாடிய தலம். சாமி பெயர் சதுரங்க வல்லபநாதர். ராஜகுமாரி ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் ஜெயிக்க ஆளே இல்லையாம். சிவபெருமான் கிழவர் வேஷத்தில் வந்து ஆடி ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்கிறது தலபுராணம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, சென்னையில் தொடக்க விழாவில் பிரதமர் இந்தக் கதையைச் சொன்னதும் ஊர் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது.

அமைதியான கோயில். பையன் சந்நிதியில் நின்று கேட்டான்: "சாமிக்கும் எதிர்ல உக்கார ஆள் கிடைச்சிருக்கு, இல்ல மாமா?"

அப்பாவைச் சமாளிக்க எனக்கு ஒரு பாயிண்ட் கிடைத்த சந்தோஷத்தில் அர்ச்சனை செய்துவிட்டுக் கிளம்பினேன்.

* * *

வீட்டு வாசலில் அப்பா ரோட்டில் காயும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். ஈரப்பதம் பதினேழு சதவிகிதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் பேச்சு. வானமோ கிழக்கே கறுத்திருந்தது. சொல்லி வைத்தாற்போல மழை! படுதாவை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் திண்ணைக்கு ஓடி வந்தோம். போக இடமில்லை. பயல் மெதுவாகக் கட்டை எடுத்தான்.

"என்னடா அது... சீட்டா?" அப்பாவின் குரல் இடி மாதிரி.

"சாமியே ஆடியிருக்கார்ப்பா, பூவனூர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"சாமி சதுரங்கம் ஆடினார். சீட்டு ஆடலை."

என் பாயிண்ட் அதோடு முடிந்தது. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "காசு வெச்சு ஆடறதா?"

"ஆட்டத்துல காசு இல்ல தாத்தா. இந்தப் பாக்கெட் வாங்கத்தான் காசு. பிரிச்சாதான் உள்ளே என்னன்னு தெரியும்." பயல் ரயில்வே கேட் கதை முழுவதையும், என் விரல் போன இடம் உட்பட, போட்டுக் கொடுத்துவிட்டான்.

அப்பா என்னைப் பார்த்தார். "காசைக் குடுத்துட்டு, பிரிச்சுப் பார்த்துட்டு, மூஞ்சி தொங்கிப் போய் இன்னொண்ணுன்னு கை நீளுது பாரு... அதாண்டா சீட்டு. எங்கப்பா அங்கதான் போனார்." அப்புறம் பேரன் பக்கம் திரும்பி, "நீ வெச்சிருக்கறது வெறும் ஆட்டம். ஆடு" என்றார்.

அரசாங்கம் 2003-ல் லாட்டரிச் சீட்டை நிறுத்தியது. ஆனால் இருபது வருஷம் கழித்து, ஜப்பான் பொம்மை படம் போட்ட உறைக்குள் அதே நமநமப்பு இருப்பதைக் கண்டுபிடிக்க அப்பாவுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

நானும் பயலும் ஆட உட்கார்ந்தோம். ஆளுக்கு அறுபது அட்டை. கையில் ஏழு. பரிசு அட்டை என்று ஆறைக் கவிழ்த்து ஓரமாக வைக்க வேண்டும். முன்னால் ஒரு பிராணி, பின்னால் பெஞ்சில் ஐந்து வரைக்கும் காத்திருக்கலாம். எதிராளியின் பிராணியை வீழ்த்தினால் நம் பரிசு அட்டையில் ஒன்றை எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் ஜெயித்தார். பிராணி அடிக்க வேண்டுமானால் எனர்ஜி அட்டை வைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றுதான்.

"மேட்டூர்ல தண்ணி கம்மியானா முறைப் பாசனம் விடுவானே, அந்த மாதிரி" என்றார் அப்பா, பேப்பர் படிப்பதுபோல பாவனை செய்துகொண்டே.

சின்னப் பிராணியின் மேல் பெரிய அட்டையை வைத்து வளர்க்கலாம். ஆனால் இறக்கிய முறையிலேயே கூடாது.

"நட்ட அன்னிக்கே அறுக்க முடியுமா?" மறுபடி அப்பா. பேப்பர் கீழே போயிருந்தது.

நான் ஒதுக்கிப் போட்ட நாற்பது அட்டையில் ஒன்றைக் கையில் எடுத்தார். பச்சைப் புழு. காட்டர்பீ. "இது இலைச்சுருட்டுப் புழுவாச்சே! இதுக்கு மருந்துல்ல அடிக்கணும்?"

"இல்ல தாத்தா, இது மெட்டாபாட்னு கூட்டுப்புழுவாகும். அப்புறம் பட்டர்ஃப்ரீ, பட்டாம்பூச்சி!" பயல் ஆல்பத்திலிருந்து மற்ற இரண்டையும் உருவினான்.

இந்த இடத்தில் நான் படித்ததைச் சொன்னேன். இதையெல்லாம் உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவுக்கு வெளியே மச்சிதா என்ற ஊரில் வளர்ந்தவர். வயலிலும் குட்டையிலும் பூச்சி பிடித்துத் திரிந்த பையன். கூட்டாளிகள் 'பூச்சி டாக்டர்' என்றே கூப்பிட்டார்கள். ஊர் பெருத்து, வயலும் குட்டையும் கட்டடமாயின. பூச்சி பிடிக்கிற சுகம் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் 1996-ல் போக்கிமான் வீடியோ கேமைக் கொண்டுவந்தார். சீட்டு அதே வருஷம் அக்டோபரில். டி.வி. கார்ட்டூன்கூட அடுத்த வருஷம்தான்.

அப்பா கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க தீப்பெட்டிக்குள்ள பொன்வண்டு வளர்ப்போம். முட்டை போட்டுதுன்னா பள்ளிக்கூடத்துல பெரிய மவுசு. ரெண்டு முட்டைக்கு ஒரு பம்பரம்..." என்றவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நவுருடா. நான் ஒரு கை பார்க்கறேன்."

என் கட்டு புல் வகை, பயலுடையது நெருப்பு. புல்லை நெருப்பு அடித்தால் சேதம் இரண்டு மடங்கு. அப்பா தோற்றார். "வைக்கோல் போர் பத்தின மாதிரியில்ல ஆயிடுச்சு... இன்னொரு ஆட்டம் போடு" என்றார். மழை விட்டு வெகுநேரம் ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

* * *

ஆரம்பிக்க நினைக்கும் ஆபீஸ் நண்பர்களுக்குச் சுருக்கமாக: தயாராக அடுக்கிய அறுபது அட்டைக் கட்டு இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று எதிரில் உட்காருபவருக்கு. பழகுவதற்கு 'டி.சி.ஜி. லைவ்' என்று செல்போனில் இலவசமாகவே இருக்கிறது. பிறகு கட்டை மாற்றி அடுக்கும்போது, அடிப்படை எனர்ஜி தவிர ஒரே பெயரில் நாலு அட்டைக்கு மேல் கூடாது என்பது நினைவிருக்கட்டும். குறிப்பிட்ட அட்டை வேண்டுமா? அதை மட்டும் தனியாக வாங்குங்கள். மாசக் கடைசியில் பாக்கெட் பிரிக்காதீர்கள். மாச ஆரம்பத்தில் அதைவிடக் கூடாது.

ஊருக்குக் கிளம்பும்போது என் கட்டைப் பைக்குள் வைத்தேன். அப்பா வாசல் வரை வந்து தொண்டையைச் செருமினார்.

"அந்தப் புழுக்கட்டை இங்கேயே வெச்சுட்டுப் போ. பய சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன்னிருக்கான்."